மூக்கனேந்தல் மிதவைக்கு எந்த பிரேம்?

மூக்கனேந்தல்ல முட்டாள்னு ஒருத்தர்கூட கெடையாது. சந்தேகம்னா அவங்களையே கேட்டுப் பாருங்க. எல்லாரும் யோசிக்கிறவங்க. ஒருத்தன் யோசிச்சா ஒரு வேலை கெடும். ஊரே உக்காந்து யோசிச்சா என்ன ஆகும்கிறதுக்குத்தான் இந்த மிதவைக் கதை.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. கூட்டம்னு போட்டா அதுல யாரும் தோத்துப் போகக் கூடாது. தோத்தவன் மனசு சங்கடப்படும், சங்கடம் ஊருக்கு ஆகாது. கோயில் செவுத்துக்குப் பச்சையா மஞ்சளான்னு தகராறு வந்தப்போ, பச்சை அடிச்சு அது மேலயே மஞ்சளும் அடிச்சாங்க. மஞ்சக்காரங்களுக்கு வெளிய தெரியுதேன்னு சந்தோசம். பச்சைக்காரங்களுக்கு, உள்ளுக்குள்ள நம்மதான இருக்கோம்னு ஒரு கெத்து.

இப்ப சங்கிலிக்கு வருவோம். வயசு நாப்பதைத் தாண்டிருச்சு. பொண்ணு பாக்கப் போன வீட்டுல எல்லாம் காப்பி குடிச்சுக் குடிச்சே தூக்கம் கெட்ட மனுசன். கடைசியில கண்மாய்க்கு அக்கரையில, செவக்காட்டுல, ஆண்டிச்சாமி மக பஞ்சவர்ணம் சரின்னு சொல்லிருச்சு. இவனப் போயா புடிச்சிருக்குன்னு அவ கூட்டாளிங்க கேட்டதுக்கு, பொய் சொல்லணும்னாலும் புத்தி வேணும்ல, இவருகிட்ட அந்தத் தொந்தரவே இல்லைன்னாளாம்.

கல்யாணம் முடிவான நேரம் பாத்து கார்த்திகை மழை கொட்டி, கண்மாய் நெறஞ்சு, ரெண்டு ஊருக்கும் நடுவுல போன ரோடு தண்ணிக்குள்ள போயிருச்சு. ஆண்டிச்சாமி போன்ல கறாரா பேசிட்டாரு. கார்த்திகை கடைசி முகூர்த்தத்துக்குள்ள மிதவை கட்டிட்டு வந்து பொண்ண கூட்டிட்டுப் போங்க. விட்டா மார்கழி. தை பொறந்தா எங்கக்கா மகன் துபாய்ல இருந்து வர்றான், அவனுக்குக் கட்டி வச்சிருவேன். சங்கிலி போனைக் கீழ வச்சவன் ரெண்டு நாள் சோறு திங்கல.

ஊர் அம்பலம் வெள்ளைக்கண்ணு, அதாவது ஊருக்குப் பெரிய மனுசன், உடனே ஆளுங்களோட மிதவைக்கு டிரம் வாங்க டவுனுக்குக் கெளம்புனாரு. டிரம்கடைக்காரர் நல்ல மனுசன். பொறுமையா வெளக்குனாரு. டிரம்முக்குள்ள காத்தைத் தவிர வேற எதுவும் இருக்கக் கூடாது. ஆனா டிரம் பெருசில்ல, அதைக் கோத்துப் புடிக்கிற பிரேம்தான் முக்கியம். மூங்கில்ல கட்டலாம், சவுக்குல கட்டலாம், இரும்புப் பைப்புலயும் கட்டலாம். ஆளுகளை ஏத்திப் பாருங்க, மூழ்காததா பாத்து எடுங்க. ஆளு கூடுனா நீளத்தைக் கூட்டிக்கங்க. இவ்வளவுதான் அவரு சொன்னது. இதுல ஒரு வார்த்தையைக்கூட ஊர்க்காரங்க மீறலைங்கிறதை நான் எங்க வேணாலும் வந்து சொல்லுவேன்.

டிரம்மு வந்து எறங்குச்சு. எல்லாம் நீலக் கலரு, மூடி போட்டு இறுக்குனது. உள்ள என்ன காத்து இருக்குன்னு அம்பலத்துக்கு ஒரு சந்தேகம். டவுன் காத்தா இருந்தா டவுனைப் பாத்துல்ல இழுத்துட்டுப் போகும். எல்லா மூடியையும் தொறந்து அந்தக் காத்தை வெளியேத்துனாங்க. அப்புறம் நம்ம ஊர்க் காத்து நெறையணுமே. அன்னைக்குன்னு ஒரு எலகூட அசையல. பொம்பளைங்க மொறத்தை எடுத்துட்டு வந்து டிரம்மு டிரம்மா விசிறி விட, ஆம்பளைங்க டக்குடக்குன்னு மூடுனாங்க. ஒரு டிரம்முக்குள்ள கொசு போயிருச்சுன்னு அதை மட்டும் மறுபடியும் தொறந்து விசிறுனாங்க.

அடுத்து பிரேம். அரசமரத்தடியில கூட்டம் போட்டாங்க. வீரணன் மூங்கில்தான்னாரு. அவரு வீட்டுக்குப் பின்னாடி மூங்கில் புதர் ஒண்ணு மண்டிக் கெடந்துச்சு. ஒச்சப்பன் இரும்புதான்னாரு. அவரு மச்சினன் வெல்டிங் பட்டறை வச்சிருந்தாரு. அம்பலம், நான் பொதுவான ஆளு, எனக்கு எந்தப் பக்கமும் இல்ல, அதனால சவுக்குன்னு சொல்றேன்னாரு. சவுக்குத் தோப்பு அவரோடது. மூணு பேருமே ஊர் நன்மைக்காகத்தான் பேசுனாங்க.

"இரும்பு முங்கும்யா, மூங்கில் மெதக்கும். இது பச்சப் புள்ளைக்குத் தெரியும்"னாரு வீரணன்.

ஒச்சப்பன் அசரல. "முங்கட்டுமே. கண்மாய்க்கு அடியில தரை இருக்குல்ல, அதுக்குக் கீழ போகாதுல்ல. உம்ம மூங்கில் மேல கெளம்புச்சுன்னா எங்க போய் நிக்கும், சொல்லும்."

கூட்டமே அண்ணாந்து ஆகாசத்தைப் பாத்துச்சு. வீரணனுக்கே லேசா பயம் வந்துருச்சு.

சரி, கடைக்காரர் சொன்ன மாதிரி ஆளுகளை ஏத்திப் பாத்துருவோம்னு முடிவாச்சு. மூணு வகையிலயும் ஒவ்வொரு பிரேம் கட்டி அரசமரத்தடியிலயே போட்டாங்க. தண்ணியில வச்சுப் பாக்க வேணாமான்னு சங்கிலி கேட்டான். அம்பலம் அவனை எரக்கமா பாத்தாரு. மூழ்குதா இல்லையான்னே தெரியாத சாமானைத் தண்ணியில எறக்கலாமாடான்னு கேட்டாரு. சங்கிலிக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம்போல ஆயிருச்சு.

மொதல்ல மூங்கில் பிரேம் மேல ஊரே ஏறி நின்னுச்சு. அம்பலம் குப்புறப் படுத்து அடியில பாத்துட்டு, மூழ்கலைன்னாரு. சவுக்கு மேல ஏறுனாங்க. மூழ்கல. இரும்பு மேல ஆளுகளோட ரெண்டு எருமையையும் ஏத்துனாங்க. அதுவும் மூழ்கல. மூணும் பாஸ். ஒண்ணு பெயிலாகியிருந்தா வேலை சுளுவா முடிஞ்சிருக்கும். இப்ப மூணுல எதைத் தள்ளுனாலும் ஒருத்தர் தோத்துப் போவாரு.

அப்புறம் என்ன, கோயில் செவுத்துக் கணக்குதான். கொஞ்சம் மூங்கில், கொஞ்சம் சவுக்கு, கொஞ்சம் இரும்பு, மறுபடியும் மூங்கில்னு டிரம்மு மேல மாத்தி மாத்திக் கோத்து கரையில இருந்து கட்டிக்கிட்டே போனாங்க. மூங்கில் வர்ற எடம் தூக்கும், இரும்பு வர்ற எடம் எறங்கும். தூரத்துல இருந்து பாத்தா ஒட்டகங்க வரிசையா குளிக்கப் போற மாதிரி இருக்கும். பொண்ணழைக்கப் போற எடத்துல எங்க வீட்டுக்கு எடம் இல்லையான்னு ஒவ்வொரு வீட்டுக்காரங்களும் வந்து கேக்க, வீட்டுக்கு ஒரு துண்டா நீளத்தைக் கூட்டிக்கிட்டே போனாங்க. மாமனுக்குத் துண்டு போட்டா மச்சானுக்குப் போடாம இருக்க முடியுமா. ரோசக்காரங்க ஊரு.

முகூர்த்தத்தன்னைக்குக் காலையில மிதவையோட இந்த முனை மூக்கனேந்தல் கரையில கெடந்துச்சு. அந்த முனை செவக்காட்டுக் கரையைத் தொட்டுக்கிட்டு நின்னுச்சு.

சங்கிலி பட்டு வேட்டியும், மஞ்சக் கயித்துல கோத்த தாலியுமா நடு மிதவையில வந்து நின்னான். அம்பலமும் ஒச்சப்பனும் ஆளுக்கொரு கம்பை ஊனித் தள்ளுனாங்க. எடம் வேணும்னு அடிச்சுக்கிட்டவங்க ஒருத்தரையும் காணோம், எல்லாரும் பந்தியில எடம் புடிக்கப் போயிட்டாங்க. தள்ளித் தள்ளி ரெண்டு பேருக்கும் வேர்த்து ஊத்துச்சு. மிதவை நகரல.

அதுக்குள்ள ஆண்டிச்சாமி அந்த முனையில ஏறி, மகளைக் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு, பொடவைக் கரைகூட நனையாம நடந்தே வந்துட்டாரு. அவரு மொகத்துல அப்படி ஒரு சந்தோசம்.

"சம்பந்தகாரரே, மிதவைதான் கேட்டேன், நீங்க பாலமே கட்டிட்டீங்களே"ன்னாரு.

அம்பலத்துக்கு மொகம் சுருங்கிருச்சு. பாலம்னா அது நிக்கிற சாமான். நம்ம கட்டுனது போற சாமான். பாலத்துல நடந்து வந்த பொண்ணை மிதவையில கூட்டிட்டு வந்தோம்னு எந்த மொகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றது? நீங்க கேட்டது மிதவை, நாங்க மிதவையிலதான் கூட்டிட்டுப் போவோம்னு ஒத்தக் கால்ல நின்னாரு. ஆண்டிச்சாமி எவ்வளவோ சொன்னாரு, பரவாயில்ல, நடந்தே போயிருவோம்னு. அம்பலம் கேக்கல. வீரணன் கரையில இருந்து கொரல் குடுத்தாரு, நீளம் கூடிப்போனதுதான் கோளாறு, நடுவுல வெட்டி விட்டா ஓடும்னு. அன்னைக்குத்தான் அந்த ஊர்ல மொத மொதலா எல்லாரும் ஒரே பேச்சா சரின்னாங்க. ஒச்சப்பன் ரம்பத்தை எடுத்தாரு.

கடைசி மூங்கில் படக்குன்னு விட்டுச்சு. நெசமாவே மிதவை ஓட ஆரம்பிச்சுருச்சு. ஒரு பாதியில சங்கிலியும் அம்பலமும் ஒச்சப்பனும். இன்னொரு பாதியில பஞ்சவர்ணமும் அவ அப்பாவும். போகுது பாரு, போகுது பாருன்னு அம்பலம் துண்டை எடுத்துச் சுத்துனாரு.

பாதி மிதவை பாதி மிதவையை விட்டு வெலகிக்கிட்டே இருந்துச்சு. அக்கரை ஐயர், முகூர்த்தம் முடியப் போகுதுன்னு கத்துறாரு. இக்கரை ஐயரும் அதையேதான் கத்துறாரு. ஆண்டிச்சாமி தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. பஞ்சவர்ணம்தான் பொடவையைத் தூக்கிச் சொருகிட்டு, கம்பை வாங்கி ஊனி ஊனித் தள்ளி, தன் பாதியைக் கொண்டுவந்து சங்கிலி பாதியோட இடிச்சு நிறுத்துனா. மூச்சு வாங்குச்சு.

"இந்தாங்க, இது மறுபடியும் வெலகிரும். வெலகுறதுக்குள்ள சட்டுனு சோலியை முடிங்க"ன்னா.

சங்கிலி கீழ பாத்தான். சொன்ன மாதிரியே ரெண்டு பிரேமும் வெலகப் பாக்குது. கண்ணு முன்னாடி தை மாசம் தெரிஞ்சுச்சு, துபாய் தெரிஞ்சுச்சு. சுத்தி முத்தி கயிறு தேடுனான். மிதவையில ஒரு முழக் கயிறுகூட இல்ல. சட்டுனு கையில இருந்த மஞ்சக் கயித்தைப் பாத்தான். குனிஞ்சான். இந்தப் பக்கத்து இரும்பையும் அந்தப் பக்கத்து மூங்கிலையும் சேத்துப் புடிச்சு, இறுக்கி, மூணு முடிச்சு போட்டான்.

கரையில இருந்தவங்களுக்கு அவன் குனிஞ்சதும் முடிச்சுப் போட்டதும்தான் தெரிஞ்சுச்சு. ரெண்டு கரையிலயும் கெட்டிமேளம் கொட்டுச்சு. அட்சதை பறந்து வந்து தண்ணியில விழுந்துச்சு. அம்பலம் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு.

சங்கிலி நிமிந்து, கையத் தட்டிக்கிட்டு, பஞ்சவர்ணத்தைப் பாத்துச் சிரிச்சான்.

"இனிமே வெலகாது. தலையக் குனி, தாலி கட்டணும்."