பட்டன் போன் துறவு

சபாநாயகம் துறவு பூண்டது ஒரு செவ்வாய்க்கிழமை, செல்போன் கடையில்.

கையிலிருந்த டச் போனைக் கொடுத்துவிட்டு, பட்டன் போன் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பேசலாம், கேட்கலாம், டார்ச் அடிக்கலாம். மனுஷனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று மனைவி தையல்நாயகியிடம் கேட்டார். அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வியை யோசிக்கப் போனால் தோசை தீய்ந்துவிடும். தோசையைத் திருப்பிப் போட்டாள்.

மறுநாளிலிருந்து அவர் துறந்ததெல்லாம் அவள் போனில் குடியேறியது. அவரோடு ரிட்டையரானவர்களின் வாட்ஸ்அப் குழு, அடுக்ககத்துத் தண்ணீர் லாரிக் குழு, தினமும் ரோஜாப்பூ வைத்துக் காலை வணக்கம் அனுப்புகிற அவருடைய அக்கா. கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாலும் பேங்க் வேலை பார்த்தாலும் ஓடிபி இவளுக்குத்தான் வரும். ஈரக்கையோடு ஓடிவந்து படித்துச் சொல்வாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வார்.

மனசு லேசாகிவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். பொய்யில்லை. அவருக்கு லேசாகத்தான் இருந்தது.

இருவருக்கும் குரு ஒருவரே. மலையடிவாரத்தில் சின்ன ஆசிரமம் நடத்துகிற அம்மை. வயதில் இவர்களுக்கு இளையவர், அதட்டலில் மூத்தவர். வருஷத்துக்கு ஒருமுறை அங்கே பத்து நாள் மௌனம். வாசலில் இருக்கும் மூங்கில் கூடையில் போனைப் போட்டுவிட்டு உள்ளே போனால், முடியும்வரை பேச்சு கிடையாது. தையல்நாயகி வருஷா வருஷம் பேர் கொடுப்பாள். கிளம்பும் நேரத்தில் ஏதாவது முளைக்கும். ஒரு வருஷம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். அடுத்த வருஷம் மருமகளுக்கு மசக்கை. இந்த வருஷம் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் பெட்டியைக் கட்டி, ரயிலிலும் ஏறிவிட்டாள்.

விழுப்புரம் தாண்டியதும் சபாநாயகம் மெதுவாக ஆரம்பித்தார். இரண்டு பேரும் உள்ளே போய்விட்டால், பெங்களூரிலிருந்து பையன் கூப்பிட்டால் யார் எடுப்பது? வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டில் மோட்டார் நின்றுபோனால்? ஆசிரமத்துக்கு வெளியே விருந்தினர் அறை இருக்கிறது, காற்றோட்டமாகத்தான் இருக்கும். போனோடு அவள் அங்கே இருக்கட்டும். அவர் உள்ளே மௌனம் காப்பார். புண்ணியத்தில் பாதி அவளுக்கு.

"பாதி மௌனத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றாள் தையல்நாயகி.

அம்மை சொல்வதுதான் முடிவு என்றார் அவர். தன் பக்கம்தான் சொல்வார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஆசிரம வாசலில் கூடைக்குப் பக்கத்தில் அம்மையே நின்றிருந்தார். கையில் பெரிய டச் போன், கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல். யாரிடமோ கத்தரிக்காய் விலையை அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். சபாநாயகத்தின் முகம் போன போக்கைப் பார்த்ததில் தையல்நாயகிக்குப் பயணக் களைப்பே போய்விட்டது.

கத்தரிக்காய் படிந்தது. அம்மை நிமிர்ந்தார். சபாநாயகம் பட்டன் போனை இரண்டு கையாலும் ஏந்திக் கூடையில் வைத்தார். பிறகு, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"அம்மா, ஒரு சந்தேகம். சாதகனுக்கு ஏத்தது பட்டன் போனா, டச் போனா?"

அம்மை பட்டன் போனை எடுத்து அவரிடமே நீட்டினார்.

"இது இருக்கட்டும் ஐயா. உங்க போனைப் போடுங்க."

"இதுதாம்மா என் போன்."

"ஸ்டேஷன்லேர்ந்து வண்டி இதுலயா கூப்பிட்டீங்க?"

"அது தையல் கூப்பிட்டா."

"டிக்கெட்டு?"

"அதுவும் தையல்கிட்டதான்."

"பேரன் குப்புற விழுந்துட்டானாமே. எனக்கே படம் வந்தது. நீங்க பாத்தீங்களா?"

"தையல்…" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

அம்மை தையல்நாயகி பக்கம் கையை நீட்டினார். அவள் போனை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து அது அடித்தது. சபாநாயகத்தின் அக்கா. இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்கு இப்போது கை வரவில்லை. விரல் பச்சைப் பொத்தானை நோக்கித் தானாகப் போயிற்று. அம்மை அவசரப்படுத்தவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

தையல்நாயகி போனை அந்தக் கையில் வைத்தாள். அது அடித்தபடியே கூடைக்குள் போனது.

"உள்ள பாய் விரிச்சிருக்கு. போங்கம்மா."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். முதுகுக்குப் பின்னால் சபாநாயகத்தின் குரல் கேட்டது.

"அம்மா, அப்போ என் பாடு?"

"உங்க போனைச் சார்ஜுக்குப் போட்டிருக்கேன் ஐயா. பத்து நாள் ஆகும்."