மலையணில் மூடாத சாளரங்கள்

ஆற்றங்கரைக் காடு ஒன்றில் செம்பி என்ற மலையணில் இருந்தது. காட்டுக்கே பொதுவான கணினி அதன் பொறுப்பில் இருந்தது. திரை ஒன்றுதான், ஆனால் அதற்குள் எத்தனை சாளரங்கள் வேண்டுமானாலும் திறக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். மற்றவை பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

யார் எதைக் கேட்டாலும் செம்பி உடனே ஒரு சாளரம் திறக்கும். கரடிக்குத் தேனடை தேட ஒன்று, மயிலுக்கு மழைக்குறி பார்க்க ஒன்று. வேலை முடிந்தாலும் மூடாது. இன்னது இன்னதென்று பெயரும் வைக்காது.

"முடிந்ததை மூடிவிடேன்" என்றது புள்ளிமான்.

"ஐயோ, பிறகு தேவைப்பட்டால்?" என்றது செம்பி. கொட்டையைத் தின்னாமல் சேர்த்து வைக்கிற இனம் அல்லவா!

ஒரு நாள் அலரி என்ற நீர்நாய் வந்தது.

"செம்பி, என் வளையில் மூன்று குட்டிகள் பிறந்திருக்கின்றன. இன்னும் நீந்தப் பழகவில்லை. ஆற்று நீர் வெள்ளைப் பாறையைத் தொட்டால் சொல்கிறாயா?"

"கவலைப்படாதே அக்கா!" என்று செம்பி பாறையைக் காட்டும் சாளரத்தைத் திறந்து வைத்தது.

இரண்டு நாள் கழித்து, நடுப்பகலில் மலைமேல் பெருமழை கொட்டியது. செம்பி அவசரமாகத் திரையைப் புரட்டியது. தேனடை. மழைக்குறி. போன கோடையில் பழுத்த நாவல். மறுபடியும் தேனடை! நாற்பது சாளரங்களில் ஆற்றைக் காட்டும் சாளரம் எங்கே? பார்த்ததையே பார்த்துப் பார்த்துச் செம்பிக்கு அழுகை வந்தது.

பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, பார்த்ததை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியது. நாற்பது இருபதானது. இருபது ஐந்தானது. ஆற்று நீர் தெரிந்தது.

வெள்ளைப் பாறையைக் காணவில்லை!

"அக்கா! தண்ணீர்!" என்று கத்திக்கொண்டே செம்பி கரைக்குப் பாய்ந்தது. மீன் பிடித்துக்கொண்டிருந்த அலரி ஓடிவந்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு குட்டிகளைக் கவ்வி மேட்டில் சேர்த்தது. அதற்குள் செம்பி வளைக்குள் நுழைந்துவிட்டது. கழுத்தளவு தண்ணீரில் மூன்றாவது குட்டியைப் பிடரியில் கவ்வி இழுத்து வந்தது.

"முன்பே சொல்லியிருக்க வேண்டும், அக்கா. உன் சாளரத்தைக் குப்பைக்குள் தொலைத்துவிட்டேன்" என்று விம்மியது செம்பி.

அலரி மூன்றாவது குட்டியை நக்கித் துடைத்தது.

"இவன் நடுங்குகிறான் பார்" என்றது பிறகு. "முதலில் உன் வாலை உதறிவிட்டுப் போர்த்து."

செம்பி போர்த்தியது. குட்டி ஒரு கொட்டாவி விட்டு, அந்த வாலுக்குள்ளேயே தூங்கிப்போனது.

நீதி: முடிந்ததை மூடாதவர் கண்ணில் முக்கியமானது படாது.