பதினோராம் படி

ஆமாம்பட்டியில் மூன்று பேர் கூட்டாக ஏணிப் பட்டறை நடத்தினார்கள். மூத்தவர் கோதண்டம், அடுத்தவர் சாத்தப்பன், கடைசி ஆள் பிச்சுமணி. மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அதுவும் முறை வைத்துத்தான் வேலை செய்யும். மற்றபடி மனசில் கள்ளம் இல்லாதவர்கள். சொன்னதை இம்மி பிசகாமல் செய்வார்கள். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

முதலில் வந்த வினை தனுஷ்கோடி. வெள்ளையடிக்கிறவர். இவர்களிடம் புது ஏணி வாங்கிப்போய், சொந்த வீட்டுச் சுவருக்கே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது பதினோராம் படி கழன்றுவிட்டது. மனுஷனுக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. விஷயம் கோர்ட்டுக்குப் போனது.

"விற்பதற்கு முன்னால் ஏணியைச் சோதித்துப் பார்த்தீர்களா?" என்று நீதிபதியம்மா கேட்டார்.

"பாக்காம விப்பமாம்மா?" என்றார் கோதண்டம். "மூணு பேரும் முதல் படியிலேர்ந்து கடைசிப் படி வரைக்கும் நடந்து பாத்தோம். ஒண்ணுகூட அசையல."

"அப்புறம் அவர் எப்படி விழுந்தார்?"

"அவரு நிமித்தி வெச்சுட்டாரும்மா. நாங்க தரையில படுக்க வெச்சுத்தான் நடந்தோம்."

"ஏன், நீங்களும் நிமிர்த்தி வைத்துப் பார்க்க வேண்டியதுதானே?"

"நிமித்தி வெச்சு ஏறினா விழுந்துருவமே," என்றார் கோதண்டம். பதில் தெரிந்த கேள்வி வந்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம். அவர்களுடைய வக்கீல் அருமைநாயகம் கேஸ் கட்டை மூடி வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

தீர்ப்பில் மூன்று உத்தரவு இருந்தது. ஏணியில் ஆபத்தான இடத்தில் எச்சரிக்கை எழுத வேண்டும். விற்ற ஏணிகள் எங்கே இருந்தாலும் உடனே திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். தனுஷ்கோடி விபத்துக்கு முன் எப்படி இருந்தாரோ அப்படியே அவரை ஆக்கிவிட வேண்டும். வைத்தியம் பார்க்கச் சொல்கிறோம் என்பது யாருக்கும் புரியும் என்று நீதிபதியம்மா நினைத்துவிட்டார். அவர் வெளியூர். வெள்ளிக்கிழமை கோர்ட் அமீனா வந்து பார்ப்பார். ஒன்று குறைந்தாலும் பட்டறைக்குப் பூட்டு, கோதண்டத்துக்கு ஜெயில்.

ஜெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பட்டறை போய்விட்டால் மூவருக்கும் வேறு தொழில் தெரியாது. அன்றைக்கே வேலையில் இறங்கிவிட்டார்கள்.

"ஏணியில ஆபத்தான எடம் எது?" என்றார் கோதண்டம்.

"உச்சிதான்," என்றான் பிச்சுமணி.

பட்டறையில் இருந்த ஏணிகளின் உச்சிப் படியில் எல்லாம், 'இதில் ஏறாதீர்கள்' என்று பொடி எழுத்தில் எழுதினார்கள். சாத்தப்பனுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"கீழேர்ந்து படிக்க முடியாதேண்ணே?"

"ஏறிப் படிச்சுக்குவாங்கடா."

அடுத்து, விற்ற ஏணிகளை எடுக்கப் போனார்கள். ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் ஒன்று சாத்தியிருந்தது. மேலே வேலப்பன் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். இவர்கள் ஏணியைத் தூக்கித் தோளில் வைத்ததும் அவன் எட்டிப் பார்த்தான்.

"யோவ், நான் எறங்க வேணாமா?"

பிச்சுமணி தீர்ப்பு நகலை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினான். "உங்களப் பத்தி இதுல ஒண்ணும் எழுதலண்ணே," என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு நடந்தான். சாயங்காலம் தீயணைப்பு வண்டி வந்து வேலப்பனை இறக்கியது.

மூன்றாவது உத்தரவுதான் கஷ்டம். மூவரும் பட்டறையில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"விபத்துக்கு முன்னாடி அவரு எப்படி இருந்தாரு?" என்றார் கோதண்டம்.

"நான் எதிர் கடையிலதான் நின்னேன்," என்றான் பிச்சுமணி. "பதினோராம் படியில நின்னாரு. கையில சுண்ணாம்பு மட்டை, காதுல பீடி. பாடிக்கிட்டிருந்தாரு."

"அப்ப அதே ஏணி வேணுமே?"

"அதே ஆணியும் வேணும்," என்றான் சாத்தப்பன். அன்றைக்கு மூளை அவன் முறை.

கழன்ற படியைத் தேடி எடுத்து, அதே ஆணியால் அதே ஓட்டையில் பொருத்தினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் தனுஷ்கோடியின் மனைவி மாத்திரை வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, ஏணியை அதே சுவரில் சாத்தி, அவரை மாவுக்கட்டோடு மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய், கயிறு கட்டிப் பதினோராம் படிக்கு நேராக இறக்கினார்கள். மறுபடி விழுந்துவிடக் கூடாதே என்று கயிற்றின் மறு நுனியை மாடிக் கைப்பிடியில் இறுகக் கட்டினார்கள். அவர்களுக்கும் அக்கறை இல்லாமல் இல்லை.

"டேய் பாவிங்களா, என்னடா பண்றீங்க?" என்று தனுஷ்கோடி அலறினார்.

"கோர்ட்டு உத்தரவுண்ணே. கொஞ்சம் ஒத்துழைங்க."

மட்டையைக் கையில் கொடுத்தார்கள். பீடியைக் காதில் செருகினார்கள். பாடச் சொன்னபோது அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கடைசியில் அவருக்குப் பதிலாகச் சாத்தப்பனே கீழே நின்று பாடினான்.

அப்போதுதான் அமீனா கலியமூர்த்தி கையில் ஃபைலோடு வந்தார். வந்தவர் அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னய்யா இது?"

"விபத்துக்கு முன்னாடி இப்படித்தான் சார் இருந்தாரு," என்றார் கோதண்டம். "ஒண்ணும் கொறையல. சரிபாத்துக்குங்க."

"மொதல்ல அந்த ஆளை எறக்குங்கய்யா!"

"எறக்கினா உத்தரவ மீறினதா ஆயிடும் சார். பட்டறையப் பூட்டிருவீங்க."

இவர்களிடம் பேசிப் பயனில்லை என்று அமீனாவுக்குத் தெரிந்துபோனது. ஃபைலைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தனுஷ்கோடியை அவிழ்த்துவிடத் தானே ஏறினார். பாதி தூரம் நன்றாகத்தான் போனார். அப்புறம் ஒரு படி கழன்றது. ஏணியும் அமீனாவும் ஒன்றாகத் தரைக்கு வந்தார்கள். தனுஷ்கோடி மட்டும் கயிற்றில் மட்டையோடு ஆடிக்கொண்டிருந்தார்.

அமீனா வலது காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். இப்போது கோதண்டத்துக்குச் சட்டம் தெரியும். ஓடிப்போய் அமீனா பக்கத்தில் மண்டியிட்டு, பணிவாகக் கை கூப்பினார்.

"பயப்படாதீங்க சார். இந்தத் தடவை கோர்ட்டு சொல்ற வரைக்கும் நாங்க காத்திருக்க மாட்டோம். சாத்தப்பன் இன்னொரு கயிறு எடுக்கப் போயிருக்கான். விழறதுக்கு முன்னாடி நீங்க எத்தனாவது படியில நின்னீங்க, அத மட்டும் சொல்லுங்க."