எழுபத்து நான்காம் பக்கம்

யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணுவதையே வேலையாகக் கொண்ட ஒருவர், கடலோரப் பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்தில் இருந்தார். பெயர் அம்பலவாணன், வயது ஐம்பத்தாறு. ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் வரும் பட்டியலை மட்டும் பார்ப்பார், கட்டுரையைப் படிக்கமாட்டார். தெருவில் எல்லாக் கதவு எண்ணும் தெரிந்த, எந்த வீட்டுக்குள்ளும் போகாத தபால்காரர் நான் என்று சொல்லிக்கொள்வார். சொல்வதும் தனக்குத்தான். கேட்க வீட்டில் ஆள் இல்லை.

அவருக்கு எதிர் மேசையில் பத்தொன்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவர் லூர்து ரெஜினா. நிலத்தடி நீரை ஆராய்ந்தவர். துறையில் இடமில்லை என்று தற்காலிகமாக நூலகத்தில் ஒரு மேசை கொடுத்தார்கள். அதிலேயே ஓய்வும் பெற்றார். வாழ்நாளில் அவர் வெளியிட்டது ஒரே கட்டுரை. ஒரு மீனவ ஊரின் ஒன்பது கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பற்றியது. அதன்பின் வெளியிடுவதைத்தான் நிறுத்தினார், கிணறுகளுக்குப் போவதை நிறுத்தவில்லை. அளந்ததெல்லாம் முப்பத்திரண்டு நோட்டுகளில் இருந்தது.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது அந்த நோட்டுகளைச் சணல் கயிற்றால் கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார்.

"சார், என் கட்டுரையக் கடைசி வரைக்கும் படிச்ச ஆள் ஒருத்தர் இருந்தா, இத அவர்கிட்ட குடுத்துடுங்க. அவருக்குத்தான் இது புரியும்."

"நூத்திப் பதினாலு பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க மேடம்."

"அது கல்யாணப் பத்திரிகையில பெரியப்பா பேரு போடுற மாதிரி. அவரப் பாத்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும்." சிரித்தார். பிறகு கேட்டார்: "நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன்" என்றார் அம்பலவாணன்.

அது பொய். ரெஜினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்காம் நாள் இறந்துபோனார்.

அம்பலவாணன் சுற்றறிக்கை விட்டார். இருபது ஆண்டு அளவுகள் என்றால் சும்மாவா? மூன்று பேர் வந்தார்கள். மூவரும் கடைசி வரி வரை படித்ததாகச் சொன்னார்கள். நோட்டுக் கட்டை அவர் பிரிக்கவில்லை. உரியவர்தான் பிரிக்க வேண்டும் என்று இருந்தார். ஆனால் படித்தவரைக் கண்டுபிடிக்க, முதலில் அந்தக் கட்டுரை என்னவென்று தெரிய வேண்டுமே. அடுக்கிலிருந்து பழைய இதழை எடுத்துவந்து, எதிர் மேசை காலியாகக் கிடக்க, இரண்டு பகல் உட்கார்ந்து படித்தார்.

அந்த இதழில் ஒரு கோளாறு இருந்தது. பின்னட்டைப் பொருளடக்கத்தில் கட்டுரை 47ஆம் பக்கம் என்று அச்சாகியிருந்தது. உள்ளே அது தொடங்குவது 74இல்.

முதலில் வந்தவர் பேராசிரியர் தெய்வநாயகம். ரெஜினாவைப் பதினோரு முறை மேற்கோள் காட்டியவர். பதினோரு முறையும் பக்கம் 47.

அடுத்தவர் முனைவர் வசுமதி. அவர் பட்டியலில் பக்கம் 74 என்று சரியாகவே இருந்தது. ஆனால் அவர் எழுதிய வரி: 'கோடையில் உப்பு ஏறும் என்று ரெஜினா நிறுவினார்.' கோடையில் உப்பு ஏறும் என்பது ஊரார் நினைப்பு என்றுதான் கட்டுரை தொடங்குகிறது. அந்த ஊரில் ஐப்பசி மழைக்குப் பிறகே ஏறுகிறது என்று முடிகிறது.

மூன்றாமவர் கிருபாகரன். அவர் கட்டுரையில் ரெஜினாவின் பெயரே கிடையாது. ஆனால் அதே ஒன்பது கிணறுகள் இருந்தன, 'எங்கள் கள ஆய்வில்' என்று.

"படிச்சேன்னு சொல்றீங்க. பேரு போடலையே தம்பி?"

"விட்டுப்போச்சு சார். படிக்காம எப்படி சார் அட்டவணை போட முடியும்?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் எண்ணுவது அம்பலவாணனுக்குப் பழக்கதோஷம். ரெஜினாவின் கடைசி அட்டவணையைப் படிக்கும்போதே ஒவ்வொரு வரிசையையும் கூட்டிப் பார்த்திருந்தார். எட்டாம் கிணறு: 6, 8, 9, 8. கூட்டுத்தொகை 37 என்று அச்சாகியிருந்தது. வருவதோ 31. கிருபாகரனின் அட்டவணையிலும் எட்டாம் கிணறு அதே 6, 8, 9, 8. அதே 37.

பிறகு, வேண்டாம் வேண்டாம் என்று மனம் சொல்லியும், தன் பழைய ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தார். ரெஜினாவின் கட்டுரையை அதில் ஓர் எடுத்துக்காட்டாகச் சேர்த்திருந்தார். பக்கம் 47.

பதினோரு முறை பெயர் சொன்னவர் ஒருவர். பக்கத்தைச் சரியாகச் சொன்னவர் ஒருவர். பெயரே சொல்லாமல் கடைசி அட்டவணை வரை போனவர் ஒருவர். வாசகரே, நீங்கள் சொல்லுங்கள். அந்த முப்பத்திரண்டு நோட்டுகளும் யாரைச் சேர வேண்டும்?

விடை: மூவரையும் அல்ல. தெய்வநாயகம் பின்னட்டையைப் பார்த்தார், வசுமதி முதல் வரியைப் பார்த்தார், கிருபாகரன் பார்த்து எழுதினார், கூட்டிப் பார்க்கவில்லை. கடைசி வரை படித்தவர் நான்காமவர், அம்பலவாணன்தான். தீர்ப்புச் சொல்ல வந்தவன் பரிசை எடுத்துக்கொள்ளலாமா என்று அவர் பல நாள் தன்னையே கேட்டுக்கொண்டார். ஒரு மத்தியானம் கயிற்றை அவிழ்த்தார். மேல் நோட்டின் முதல் பக்கத்தில், இருபத்தோரு ஆண்டுக்கு முந்தைய தேதியிட்டு, பென்சிலில் இருந்தது: 'எட்டாம் கிணறு 31. அச்சில் 37 ஆகிவிட்டது. படிப்பவர் யாராவது எழுதுவார்கள்.' அம்பலவாணன் ஒரு தாள் எடுத்து, 'மதிப்பிற்குரிய ரெஜினா அவர்களுக்கு, உங்கள் எட்டாம் கிணற்றில் ஒரு சிறு பிழை' என்று எழுதினார். மடித்து எதிர் மேசையில் வைத்தார். மருத்துவமனையில் அவர் சொன்ன பொய் இப்போது உண்மையாகிவிட்டது. அதைக் கேட்கத்தான் அங்கே ஆள் இல்லை.