குடைக்காரன் உட்கார்ந்த நாற்காலி

ஆதிமூலம் கோயில் சுவர்களில் தெய்வங்களை வரைந்தவர். ஐம்பது வயதுக்குமேல், பாளையங்கோட்டையில் போட்டோ பிடிக்கும் சவரிராயரிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தார். குருவைவிடச் சீடர் பதினைந்து வயது மூத்தவர். அதனால் குரு அவரை அண்ணாச்சி என்றார். அவர் குருவை வாத்தியாரே என்றார்.

வந்த அன்றே கேட்டார். "படம் பிடிக்கிறவன் முதல்ல எதைப் பாக்கணும், வாத்தியாரே?"

"வெளிச்சத்தை" என்றார் சவரிராயர். யோசிக்கக்கூட இல்லை.

மூன்று வருடம் போயிற்று. ஒரு காலை, இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள்.

"ஐயா, நான் மாடத்தி. ஜமீன்ல குடை பிடிச்ச பலவேசம் பெண்சாதி. அவுக வாந்திபேதியில போயிட்டாக. இவன் பொறவுதான் பிறந்தான். 'என் உருவம் படம் பிடிக்கிறவரு கண்ணாடியில இருக்கு, தெரியுமாட்டி'ன்னு அவுக சொல்லிக்கிட்டே இருப்பாக. பிள்ளைக்கு ஒருதரம் காட்டுங்க."

படம் விழும் கண்ணாடித் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஆதிமூலத்தின் கை நின்றது.

போன வருடம் அது. ஜமீன் அரண்மனைக்குப் படம் பிடிக்கப் போயிருந்தார்கள். ஜமீன் மகாராசா உடுத்தி வர நேரமாயிற்று. அதற்குள் எல்லாம் சரிபார்த்து வைக்க, குடைக்காரனை மகாராசாவின் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுச் சவரிராயர் கால் மணி நேரம் அவனையே பார்த்தார். சோதனைக்கு ஒரு கண்ணாடியில் படமும் பிடித்தார். நன்றாகவே விழுந்திருந்தது. ஆனால் வண்டிக் குலுக்கலில் மற்றக் கண்ணாடிகளெல்லாம் உடைந்துபோயிருந்தன. முழுசாக மிஞ்சியது அது ஒன்றுதான்.

"துடைச்சிருங்க, அண்ணாச்சி" என்றார் சவரிராயர்.

ஆதிமூலம் சுண்ணாம்புத் தூளும் சாராயமும் போட்டுத் துடைத்தார். அதே கண்ணாடியில் மகாராசா விழுந்தார். அந்தப் படத்துக்குச் சென்னைக் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள். பதக்கம் இப்போதும் சுவரில் தொங்கியது.

சவரிராயர் எழுந்து போய் மகாராசா விழுந்த அந்தக் கண்ணாடியை எடுத்துவந்தார்.

"இதுலதான் இருந்தாரு, தாயி. துடைக்கச் சொன்னது நான்."

மாடத்தி அதை வாங்கி, வாசல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஓரத்திலயாவது கொஞ்சம் ஒட்டியிருக்காதா, ஐயா?"

இருக்கவில்லை. ஆதிமூலம் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை.

அவள் மகாராசாவை விட்டுவிட்டு, படத்திலிருந்த நாற்காலியின் கையை விரலால் தொட்டாள். "இந்த நாற்காலியிலயா உக்காந்தாக?"

"ஆமா" என்றார் ஆதிமூலம். "மாட்டவே மாட்டேன்னாரு. பொறவு, 'நாற்காலி கடிச்சிராதுல்லா?'ன்னு கேட்டுக்கிட்டே உக்காந்தாரு."

மாடத்தி சிரித்துவிட்டாள். "அவுகளேதான்" என்றாள். சிரிப்பு அப்படியே அழுகையாயிற்று.

ஆதிமூலம் உள்ளே ஓடித் தாளும் கரிக்கட்டையும் கொண்டுவந்தார். "அழாதம்மா. நான் வரைஞ்சு தாரேன்."

தலைப்பாகை வந்தது. முழங்காலில் வைத்த கை வந்தது. அழுக்கு மேல்துண்டு வந்தது. முகத்துக்கு வந்ததும் கரி அந்தரத்தில் நின்றது. கண் சின்னதா, பெரிசா? மீசை இருந்ததா?

"அவரு எப்படி இருப்பாரு, சொல்லும்மா."

மாடத்தி சொல்லத்தான் பார்த்தாள். "எப்படின்னா... அவுக மாதிரி இருப்பாக."

ஆதிமூலம் திரும்பினார். "வாத்தியாரே, கால் மணி நேரம் அவரையேதானே பாத்துக்கிட்டு இருந்தீங்க. நீங்க சொல்லுங்க. முகம் எப்படி இருந்தது?"

சவரிராயர் தாளில் வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார்.

"வெளிச்சத்தைத்தான் பாத்தேன், அண்ணாச்சி."