வாசலில் கழற்றிய செருப்புகள்

நாடே கணினி கற்றுவிட்டது என்று அறிவிக்கும்போதெல்லாம் கணக்கில் விடுபட்டுப்போகிறவள், அந்தக் கணினிக்குத் தூசி தட்டுகிறவள். இக்கதையில் அவள் பெயர் பேச்சித்தாய்.

கணினிகள் தொந்தி பெருத்திருந்த காலத்தில், ஒரு தாலுகா ஊருக்குப் பயிற்சி மையம் வந்தது. எத்தனை இனிய காலம் அது! அறைக்குள் குளிர்க்காற்று, சன்னலுக்குப் பச்சைத் திரை, ஆறு கணினிகளுக்கும் பூப்போட்ட உறை. சன்னிதிக்குள் போவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். முப்பது பேர் நுழைந்தார்கள். பயிற்றுநர் தனபாலன் கரும்பலகையில் விசைப்பலகையை வரைந்து பாடம் நடத்தினார். உறையை மட்டும் எடுக்க விடமாட்டார்.

"தொட்டா கெட்டுப்போயிரும். அரசாங்கச் சொத்து."

ஆறாவது மேசையின் விசைப்பலகை உறைக்குள் புழுங்கிக் கிடந்தது. காலை ஏழு மணிக்குப் பேச்சித்தாய் வந்து உறையை விலக்கி, விசை விசையாகத் துடைப்பாள். அவள் விரலின் பினாயில் வாசம்தான் அதற்கு விடியல்.

ஒரு நாள், தனபாலன் தம் இடமாற்ற மனுவை அடித்துவிட்டு அந்தக் கணினியை அணைக்க மறந்திருந்தார். அவள் துடைக்கத் துடைக்கத் திரையில் எழுத்துகள் முளைத்தன.

"ஐயையோ, சாரோட மனு!"

"பதறாதே," என்றது விசைப்பலகை. "வலப்பக்கம் மேலே ஒரு நீள விசை. அதைத் துடை. இப்போது முளைத்தது மட்டும் அழிந்துவிடும்."

"நீ பேசுவியா?"

"துடைக்கிறவர்களிடம் மட்டும்."

அன்றிலிருந்து அவள் துடைப்பதற்குக் கூடுதலாக அரைமணி நேரம் ஆயிற்று.

அப்போதுதான் ஓர் ஆணை வந்தது: கணினிச் சான்றிதழ் இல்லாதவருக்கு இனி மைய வளாகத்தில் வேலை இல்லை, பெருக்குபவர் உட்பட.

"சார், நானும் வகுப்புல உக்காரட்டுமா?"

"நீ உக்காந்துட்டா வளாகத்தை யாரு கூட்டுறது?" என்றார் தனபாலன். பதில் இல்லாத கேள்விகளைக் கேட்பதில் அவர் வல்லவர்.

ஆய்வு நாளும் வந்தது. அதிகாரி வாசலில் நின்று செருப்புகளை எண்ணி, "முப்பது பேர்" என்று எழுதிக்கொண்டார்.

"நம்மையல்லவா எண்ணுகிறார்! நமக்கும் சான்றிதழ் உண்டோ?" என்றது ஒரு தோல் செருப்பு.

"நம்மைப் போட்டு வந்த காலுக்கே ஒன்றும் தெரியாது. சும்மா கிட," என்றது பக்கத்து ரப்பர் செருப்பு.

உள்ளே வந்த அதிகாரி, "யாராவது ஒருத்தர் உங்க பேரை அடிச்சுக் காட்டுங்க," என்றார். தனபாலன் ஆறாவது கணினியின் உறையை எடுத்தார். முப்பது பேரும் அதை முதன்முதலாகப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து, நேராகக் கரும்பலகைக்குப் போய், சுண்ணக்கட்டியால் வரைந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"பேச்சி, வா!" என்றது விசைப்பலகை.

சன்னலுக்கு வெளியே துடைப்பம் விழுந்தது. அவள் வந்தாள்; நின்றபடியே தன் பெயரை அடித்தாள். ஓர் எழுத்தும் பிசகவில்லை.

"அடடே!" என்றார் அதிகாரி. "வாசல்ல கிடக்குறதுல உங்க செருப்பு எதும்மா?"

"எனக்குச் செருப்பு இல்லைங்க சார்."

"அப்ப நீங்க எண்ணிக்கையில வரமாட்டீங்களே."

முப்பது சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. மறுமாதம் பேச்சித்தாய்க்கு வேலை போயிற்று.

அவள் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டரில் சேர்ந்தாள். பயிற்சி மையம் பழைய சாமான்களைக் கழித்துக் கட்டியபோது அந்த விசைப்பலகையைக் கேட்டு வாங்கிவந்தாள். இருபது ஆண்டுகள் ஊருக்கே விண்ணப்பம் அடித்துக் கொடுத்தாள். சான்றிதழ் வாங்கிய முப்பது பேரும் அவள் முன்னால்தான் வரிசையில் நின்றார்கள். வாசலில் பழக்கதோஷத்தில் குனிகிறவர்களிடம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வாள்:

"செருப்போடயே உள்ள வாங்க."