ஆற்றைப் பாட ஆசைப்பட்ட அரசர்

கருங்குன்றத்தை ஆண்ட மாறகேசரிக்குத் திடீரென்று கவிஞராகும் ஆசை வந்துவிட்டது. ஆற்றைப் பற்றி ஒரே ஒரு பாட்டு எழுதினால் போதும் என்றார். அதற்காக ஆற்றங்கரையில் பளிங்கு மண்டபம் கட்டினார்கள். சுவரெல்லாம் ஓவியம் தீட்டினார்கள். மழைக்காலத்தில் பாட்டு ஊறும் என்று ஒரு வருஷம் காத்திருந்தார் அரசர். மழை வந்தது, வெள்ளமும் வந்தது. பாட்டு மட்டும் வரவில்லை.

ஆஸ்தானப் புலவர் அவிநாசியாருக்கு உள்ளுக்குள் உதறல். மண்டபம், ஓவியம், மழைக்காலம் எல்லாவற்றுக்கும் யோசனை சொன்னவர் அவர்தான். பழியை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். எதிர்க்கரையில் துணி வெளுப்பவர்களின் துறை இருந்தது. அவர்கள் துவைக்கிற சத்தத்தில்தான் கலைமகள் வர மறுக்கிறாள் என்று அரசர் காதில் போட்டார். நாற்பது குடும்பங்களும் மறுநாளே துறையைக் காலி செய்ய வேண்டும் என்று ஆணை பிறந்தது.

விகடகவி தாண்டவனுக்கு இது அநியாயமாகப் பட்டது. நேரே துறைக்குப் போனான். அங்கே பூவாயி என்பவள் முழங்காலளவு தண்ணீரில் நின்று, துணி தேய்த்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். தாண்டவன் அதை அப்படியே மனத்தில் வாங்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தான். வழியில் ஒரு பாட்டுக் கேட்டதாகச் சொல்லி, அரசர் முன் பாடினான்.

"வந்த தண்ணி ஓடிப் போச்சு, வந்த பொழுது சாஞ்சு போச்சு,
தேய்ச்ச கையும் ஓஞ்சு போச்சு, சேர்ந்த கறை போகலையே."

அரசர் சொக்கிப்போனார். புலவர் முந்திக்கொண்டார். தண்ணீர் என்பது பிறவி, கறை என்பது வினை, இமயத்தில் தவமிருந்த ஞானியால்தான் இப்படிப் பாட முடியும் என்று அரை நாழிகை பொருள் விரித்தார்.

"பாடியவர் யார், தாண்டவா? எந்த இடத்தில், எந்தக் காலத்தில், எந்த ஓவியத்தைப் பார்த்துப் பாடினார்?" என்றார் அரசர்.

"எதிர்க்கரைப் பூவாயி, மகாராஜா. இடம், நாளைக்குக் காலி செய்யச் சொன்னீர்களே, அந்தத் துறை. காலம், வெயில் இறங்குவதற்குள் துணி காய வேண்டுமே என்ற அவசரம்."

"ஓவியம்?"

தாண்டவன் தலை வணங்கினான். "தங்கள் வேட்டியில் இருந்த வெற்றிலைக் கறை."

அரசர் குனிந்து தம் வேட்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஆணை ரத்தாயிற்று. பளிங்கு மண்டபம் துணி உலர்த்தப் பூவாயிக்கே போயிற்று. அந்தக் கறை படிந்த வேட்டியைத் துறையிலிருந்து வரவழைத்து, புலவர் கையில் கொடுத்தார் அரசர்.

"வினை என்றீரே, புலவரே. நீரே கொஞ்சம் தேய்த்துப் பாரும்."